ஜெபம் வறண்டுபோனால் என்ன செய்வது? பர்மாத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வேதத்தைத் திறக்கிறீர்கள், கண் வரியில் ஓடுகிறது, மனதில் ஒன்றும் ஒட்டவில்லை. முழங்கால் போடுகிறீர்கள், பழகிய வார்த்தைகள் தானாக வருகின்றன, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை பாடும்போது பக்கத்தில் நிற்பவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நீங்களோ இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ரங்கூனிலோ பெகுவிலோ மௌல்மீனிலோ நம் ஜனங்களிடம் இதைச் சொன்னால் வழக்கமாக இரண்டு பதில் வரும். "விசுவாசம் குறைஞ்சுபோச்சு, உபவாசம் போடு" என்பது ஒன்று. "எல்லாருக்கும் அப்படித்தான், விடு" என்பது இன்னொன்று. முதலாவது, நொந்திருப்பவரை இன்னும் நோகடிக்கும். இரண்டாவது, அவரை அப்படியே விட்டுவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வறண்ட நாட்களில் உணர்வைத் தேடி அலையாதீர்கள். சின்னதாக, ஒழுங்காக, பொய் சொல்லாமல் ஆண்டவர் முன் வந்து நில்லுங்கள். உணர்வைத் தருவதும் தராததும் அவர் பாடு. கீழே வரும் படிகள் எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான். மெதடிஸ்டானாலும் பாப்டிஸ்டானாலும் கத்தோலிக்கரானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: இது எந்த வறட்சி என்று பிரித்துப் பாருங்கள்

உடம்பிலிருந்து தொடங்குங்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா ஒரு சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். ஓரேப் மலையில் கர்த்தருடைய மெல்லிய சத்தம் கேட்டது இதற்கெல்லாம் பிறகுதான். நடு ராத்திரியில் கரண்ட் வந்ததும் தண்ணீர் மோட்டார் போட எழுந்து, விடியற்காலையில் கடை திறக்க ஓடுகிறவருக்கு ஜெபத்தில் தூக்கம் வருவது ஆவிக்குரிய நோய் இல்லை. ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்க வழி பார்த்துவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

அடுத்தது துக்கம். பிள்ளையைத் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ அனுப்பிவிட்டுப் போன் மணிக்காகக் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. 2024ல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் அமலுக்கு வந்தபிறகு இன்னும் கூடிவிட்டன. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாண்டலே, சகாயிங் பக்கம் உறவைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஜெபம் வரவில்லை என்றால் அதற்கு வறட்சி என்று பெயர் வைக்க வேண்டாம். அழுவதற்கு இடமும், கூட உட்கார ஓர் ஆளும்தான் முதல் தேவை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் நாள் முழுவதும் மனம் இருண்டு கிடந்தால் டாக்டரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள், சர்க்கரை வியாதிக்கு மட்டும் தவறாமல் மாத்திரை போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, தெரிந்தே பிடித்துவைத்திருக்கும் ஏதாவது. அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பங்குத் தகராறு, கொடுக்காமல் இழுத்தடிக்கும் சீட்டுப் பணம், மறைக்கும் ஓர் உறவு. இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு: ஒரு மாலை அமைதியாக உட்கார்ந்து யோசித்தும் குறிப்பாக எதுவும் தென்படவில்லை என்றால் தோண்டுவதை நிறுத்திவிடுங்கள். இல்லாத பாவத்தைத் தேடுவதே சிலருக்கு முழுநேர வேலையாகிவிடுகிறது.

இவை எதுவும் இல்லை என்றால், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த துறவி சிலுவையின் யோவான் சொன்ன மூன்று அடையாளங்களை வைத்துப் பாருங்கள். தேவ காரியங்களில் ருசி இல்லை, உலகக் காரியங்களிலும் ருசி இல்லை. அப்படியிருந்தும், 'ஆண்டவருக்குச் சரியாக இல்லையே' என்ற கவலை உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. முன்பு போல யோசித்து, கற்பனை பண்ணித் தியானிக்க முடியவில்லை. மூன்றும் சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம் என்கிறார். தேவன் ஆளை அடுத்த வகுப்புக்கு மாற்றுகிறார் என்பது அவர் கணிப்பு. இரண்டாவது அடையாளம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அசட்டையாகப் போய்விட்டவருக்கு அந்தக் கவலையே இருக்காது. இதைத் தேடிப் படிக்கும் அளவுக்கு உங்களுக்குக் கவலை இருக்கிறது.

இரண்டாம் படி: இப்போது எதையும் மாற்றாதீர்கள்

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் இதைப் பற்றிக் கறாராக ஒரு விதி எழுதிவைத்தார்: மனம் வறண்டிருக்கும்போது புதுத் தீர்மானம் எடுக்காதே, தெளிவாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தில் நில். அவரே 1522ல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் மாதக்கணக்கில் இருட்டில் கிடந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போனவர். ஏட்டைப் பார்த்து எழுதின விதி இல்லை.

நம் ஊரில் இதன் அர்த்தம் என்ன? சபை மாறாதீர்கள். புதிதாக வந்த ஐக்கியத்தில் பாட்டு நன்றாக இருக்கிறது, கிட்டார் இருக்கிறது, ஏசி இருக்கிறது. போனால் முதல் ஒரு மாதம் நன்றாகவே இருக்கும். பிறகு அதே வறட்சி அங்கேயும் வந்து உட்காரும், இந்தத் தடவை உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இருக்கமாட்டார். பாடகர் குழுவிலிருந்தோ ஓய்வுநாள் பள்ளியிலிருந்தோ விலகாதீர்கள். பதற்றத்தில் பெரிய பொருத்தனை பண்ணாதீர்கள். வறட்சி விலகினபின் இதே தீர்மானம் சரியாகப் பட்டால் அப்போது எடுக்கலாம், ஒன்றும் ஓடிப்போகாது.

மூன்றாம் படி: கால்மணி நேரம், அதே நேரம், அதே இடம்

நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். வறட்சி வந்ததும் ஒரு மணி நேர ஜெபம் என்று திட்டம் போட்டு, மூன்றாம் நாளே விட்டுவிட்டு, அந்தக் குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். கால்மணி நேரம் போதும்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டி விடியுமுன் எழுந்து, புத்தர் படத்துக்கு முன்னால் தண்ணீர்க் கோப்பைகளை மாற்றிவைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓதுவார். குரல் தெருவுக்குக் கேட்கும். சளி பிடித்த நாளில் இருமலோடு ஓதுவார். இன்றைக்கு மனம் ஒட்டுகிறதா என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. மார்க்கம் வேறுதான், ஆனால் அந்த ஒழுங்கைப் பார்த்து நம் வீட்டில் வெட்கப்பட்டவர்கள் உண்டு.

நேரத்தைக் கரண்டோடு கட்டாதீர்கள். கரண்ட் வரும் நேரம் மோட்டாருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் போனுக்கும் சொந்தமானது, வீடே ஓடிக்கொண்டிருக்கும். இருட்டாக இருக்கும் நேரமே ஜெபத்துக்கு வாகானது. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பாய், அடுத்த அறையில் போன். இப்படிச் செய்து பாருங்கள்:

முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். வார்த்தை வேண்டாம், மூச்சு அடங்கட்டும்.

அடுத்து ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, மெதுவாகப் படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் மனம் நழுவிவிடும். காதுக்கும் வேலை கொடுங்கள்.

பிறகு ஒரே ஒரு உண்மையான வாக்கியம். "ஆண்டவரே, இன்றைக்கு உம்மிடம் பேச எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்பதும் ஜெபம்தான். மாற்கு 9ல் அசுத்த ஆவி பிடித்த பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

பிறகு அமைதி. மனம் கடைக்கணக்குக்கு ஓடும், இழுத்து வாருங்கள், மறுபடி ஓடும், மறுபடி இழுத்து வாருங்கள். கால்மணி நேரமும் இழுப்பதிலேயே போனாலும் அது வீண் இல்லை. ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரி அவிலாவின் தெரேசா மாதிரிப் பெரிய பக்தையே பல வருஷம், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

கடைசியில் கர்த்தருடைய ஜெபம். முடிந்ததும் உடனே எழாதீர்கள், ஒரு நிமிடம் கூடுதலாக இருங்கள். இதுவும் இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த உத்திதான்: எழுந்து ஓடச் சொல்லும் மனதுக்கு எதிராக, குறித்த நேரத்தைக் காட்டிலும் கொஞ்சம் கூடுதலாக இருப்பது. ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். செய்து பார்த்தால் அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

நான்காம் படி: சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள்

சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். நம் சபைகளில் அந்தப் பகுதி அதிகம் வாசிக்கப்படுவதில்லை. 23, 91, 121 என்று சுற்றிச் சுற்றி வருகிறோம். வறண்ட நாட்களுக்கு 13, 22, 42, 63, 77, 88, 143 ஆகிய ஏழை எடுத்துக்கொள்ளுங்கள், நாளுக்கொன்று, வாரா வாரம் திரும்பத் திரும்ப.

13ஆம் சங்கீதம் வெறும் ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று சண்டைக்கு நிற்பதுபோலத் தொடங்கி, கிருபையின்மேல் நம்பிக்கை என்று முடிகிறது. 88 அப்படியில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, ஆறுதல் வசனம் ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. ஆனாலும் முதல் வரி "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அழைக்கிறது. இப்படி ஒரு ஜெபத்தை வேதத்துக்குள் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்பதே நமக்கு அனுமதிச் சீட்டு.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. 1960களில் தமிழ்ப் பள்ளிகள் போனபின் வளர்ந்தவர்களில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்க வராது. வீட்டில் அப்பாவும் ஆத்தாவும் ஜெபித்த பழைய நடையை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கோபம் வந்தால் மட்டும் பர்மியத்தில் கொட்டுவார்கள். அப்படிப்பட்டவர் அந்த பர்மியத்திலேயே ஆண்டவரிடம் கொட்டலாம். தாத்தா பாட்டியின் ஜெபத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, தனி ஜெபத்தை வாய்க்கு வரும் பாஷையில் பண்ணிப் பாருங்கள். வறட்சி என்று நினைத்தது பாதி அங்கேயே உடைந்ததைக் கண்டிருக்கிறேன். தமிழில்தான் வேண்டும், படிக்க வரவில்லை என்றால் ஒலி வேதாகமத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கத் தெரிந்த பெரியவர் வாசித்தால் இன்னும் நல்லது, அவருக்கும் ஒரு வேலையாச்சு.

ஜட்சனைப் பற்றி ஒரு வார்த்தை

நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1813 ஜூலையில் ரங்கூனில் வந்திறங்கினார், முதல் ஞானஸ்நானம் கொடுக்கவே 1819 ஆனது, 1824ல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்ததும் அன்றைய தலைநகர் ஆவாவில் சிறையில் காலில் விலங்கோடு கிடந்தார். பிரசங்கத்தில் இதுவரை வரும். அதற்கப்புறம் நடந்தது அவ்வளவாக வருவதில்லை.

1826 அக்டோபரில் அவருடைய மனைவி ஆன், அம்ஹர்ஸ்டில், அதாவது இன்றைய சைக்கமியில், இறந்துபோனார். ஜட்சன் அப்போது பக்கத்தில் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டு வயதுக் குழந்தை மரியாவும் போய்விட்டது. முதலில் வேலையிலேயே மூழ்கினார், பிறகு உடைந்தார். மௌல்மீனுக்கு வெளியே காட்டில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு மனிதரை விட்டு விலகினார். குடிசைக்குப் பக்கத்தில் தனக்கே ஒரு குழி தோண்டவைத்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவைத் தியானித்தார். 1829ல் எழுதிய கடிதத்தில், தேவன் எனக்கு அறியப்படாத மகா பெரியவராக இருக்கிறார், அவரை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடையவில்லை என்ற பொருளில் எழுதினார். வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மனிதரின் வார்த்தை இது.

அப்புறம் என்ன ஆனது? காட்டை விட்டு மனிதரிடம் வந்தார். 1830ல் ஐராவதி வழியாக புரோமுக்கு ஊழியத்துக்குப் போனார். 1831ல் ஷ்வேடகோன் திருவிழாவுக்கு ரங்கூனுக்கு வந்த கூட்டத்தில், கேட்டு வந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில் கைப்பிரதி கொடுத்தார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு வரியாக நகர்ந்து, 1834 ஜனவரி 31ல் முடிந்தது.

அந்தக் குழியோரம் உட்கார்ந்தது அவருக்கு உதவவில்லை என்பது என் எண்ணம். தன்னைத் தானே ஒறுப்பதும் தனிமையும் ஓர் அளவுக்கு மேல் போனால் வறட்சியை ஆழமாக்கும். வெளியே இழுத்தது ஆட்களும் அன்றாட வேலையும். அடுத்த இரண்டு படிகள் அவையே.

ஐந்தாம் படி: ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

எல்லாரிடமும் வேண்டாம். நம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வரிசையாகச் சாட்சி சொல்லும் வழக்கம் நல்ல வழக்கம்தான், ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது: வறண்டவரும் தன் முறை வந்ததும் "ஆண்டவர் இந்த வாரம் நன்மையாய் நடத்தினார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். மாதக்கணக்கில் அப்படிச் சொன்னால் மற்றவரிடம் நடித்த நடிப்பு ஜெபத்திலும் ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தில் முறை வரும்போது "எனக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லி உட்காரலாம். யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

அந்த ஒருவர் யார்? வாயை அடக்கத் தெரிந்தவர், உடனே வசனம் எடுத்து நீட்டாதவர், உங்களைக் காட்டிலும் வயதில் மூத்தவராக இருந்தால் நல்லது. போதகரோ ஃபாதரோ இருக்கலாம். சபையில் பின்வரிசையில் உட்காரும் ஓர் அத்தையாகவும் இருக்கலாம். "அத்தே, எனக்கு ஜெபமே வரல, கொஞ்ச நாளா" என்று தொடங்கினால் போதும். "எனக்கும் ஒரு காலம் அப்படி இருந்துச்சுப்பா" என்று பதில் வந்தால் சரியான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்.

உங்களிடம் யாராவது இப்படி வந்து சொன்னால், காரணம் கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகவே இருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது.

ஆறாம் படி: கைக்கு ஒரு வேலை

வாரம் ஒரு தடவை, உங்களுக்குத் திருப்பிச் செய்ய முடியாத ஒருவருக்கு ஏதாவது செய்யுங்கள். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு ரசச்சோறு கொண்டுபோய் ஊட்டுவது, இடம்பெயர்ந்து வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. உள்ளே ஒன்றும் பொங்காமலே செய்யலாம். கல்கத்தாவின் அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டோடே நோயாளிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார் என்பது, அவர் இறந்து பத்து வருஷம் கழித்து 2007ல் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. கிட்ட இருந்து பார்த்தவர்கள் அதிகம் பேருக்கு அது தெரியவே தெரியாது.

ஏழாம் படி: திருவிருந்தும் விடுமுறையும்

திருவிருந்தை, திருப்பலியைத் தவறவிடாதீர்கள். அங்கே நீங்கள் உணர வேண்டியது எதுவும் இல்லை; கையை நீட்டி வாங்கிக்கொள்வது மட்டும்தான்.

நம் நாட்டில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் சரியாக வெயில் ஏறும் காலத்தில் வரும். உபவாசம் இருப்பவர்கள் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் தள்ளாதீர்கள். சாப்பாட்டுக்குப் பதிலாகப் போனை உபவாசம் போடலாம், பலருக்கு அதுதான் கஷ்டம். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்குக் கடையெல்லாம் மூடும். பர்மிய அக்கம்பக்கத்தார் பலர் அந்த நாட்களில் தியான மடங்களுக்குப் போய்விடுவார்கள். நாமும் அதில் ஒரு நாளை ஒதுக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படிக்கலாம். மாற்கு போதும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கத்தோலிக்கர்களுக்கு பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருத்தலம் இருக்கிறது. அழுகை வரவேண்டும் என்று எதிர்பார்த்துப் போகாமல், கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு நாள் இருக்கும்?

சிலருக்கு வாரங்கள், சிலருக்கு வருஷங்கள். அவிலாவின் தெரேசா ஜெபத்தைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதோடு ஒப்பிட்டார்: கிணற்றில் வாளியால் இறைப்பது, சக்கரம் வைத்து இறைப்பது, வாய்க்கால் வெட்டி விடுவது, மழை தானாகப் பெய்வது. வாளியால் இறைக்கும் நாளில் கை வலிக்கும், கிணறே வற்றிக்கிடக்கவும் கூடும். அப்போதும் கிணற்றடிக்குப் போய் நிற்பதுதான் தோட்டக்காரன் வேலை, செடியைப் பிழைக்கவைப்பது எஜமானின் பொறுப்பு என்கிறார்.

முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க உணர்வை அளக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள்: என் கோபம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கடனுக்கு வாங்கிப்போனவர் தரவில்லை என்றால் முன்பு போலக் கத்துகிறேனா? ஜெபத்தில் பொய் குறைந்திருக்கிறதா என்பது மட்டும் உங்களுக்கே தெரியும்.

ஒரு நாள், காரணமே இல்லாமல், சங்கீதத்தில் ஒரு வரி பளிச்சென்று ஒட்டும். அன்றைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். வேதத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தேதியையும் வசனத்தையும் குறித்துவையுங்கள். அடுத்த வறட்சியில் எடுத்துப் பார்க்க உதவும். உற்சாகத்தில் கால்மணி நேரத்தை ஒரு மணி நேரமாக்கிவிடாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் அதே கால்மணி நேரம் போகட்டும், அப்புறம் வேண்டுமானால் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.